தாழ்ச்சி என்றால் குனிந்தே கிடப்பதா? திருவருகைக் காலத்துக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

கிறிஸ்துமஸுக்கு முந்தின தயாரிப்புக் காலமான திருவருகைக் காலத்தில் வந்த கேள்வியைச் சுருக்கி முதலில் தந்துவிடுகிறேன். கேட்டவர் மதுரையில் ஒரு பங்கைச் சேர்ந்த சகோதரி. கோயில் பாடகர் குழுவில் இருக்கிறார், பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவான அன்பியத்திலும் பொறுப்பு உண்டு. அவர் எழுதியது இது:

“டிசம்பர் வந்தால் பாட்டுப் பயிற்சி, கேரல் ரவுண்ட்ஸ், குடில் வேலை, பலகாரம், பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது என்று ஓடி ஓடி, 24-ம் தேதி ராத்திரிப் பூசையில் உட்காரும்போது மனசு வெறுமையாக இருக்கிறது. போன ஞாயிறு பிரசங்கத்தில் சாமி பெத்லகேம் கோயிலின் தாழ்வான வாசலைச் சொல்லி, குனிகிறவர்தான் பாலனிடம் போக முடியும் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து குனிந்துகொண்டேதான் இருக்கிறேன். மாமனார் வீட்டைப் பங்கு பிரித்தபோது என் ஓரகத்தி பேசிய பேச்சுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு அவர்கள் மேல். அங்கேயும் நானே முதலில் போய் நிற்பதுதான் தாழ்ச்சியா? பேசாமல் இருந்துகொண்டு பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?”

சகோதரி, உங்களுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. தாழ்ச்சியைப் பற்றிய பிரசங்கம் நம் ஊரில் பெரும்பாலும் யார் காதில் விழுகிறது? ஏற்கெனவே அமுக்கப்பட்டவர்கள் காதில்தான். மருமகளுக்குச் சொல்லப்படும் அளவுக்கு மாமனாருக்குச் சொல்லப்படுவதில்லை. கூலிக்காரருக்குச் சொல்லப்படும் அளவுக்குக் கடை முதலாளிக்குச் சொல்லப்படுவதில்லை. அதனால் முதலில் உங்கள் வாழ்க்கையில் நடந்ததையும் திருச்சபை தாழ்ச்சி என்று சொல்வதையும் பிரித்து வைத்துவிடுவோம். ஒருவர் உங்களைக் கீழே தள்ளுவது அவர் செய்யும் அநியாயம். அதை நீங்கள் சுமந்தீர்கள். அதற்காக உங்களுக்குத் தாழ்ச்சி வந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை, இன்னும் தாழ வேண்டும் என்றும் அர்த்தமில்லை.

இதை நான் கைக்கு வந்தபடி சொல்லவில்லை. மாதாவின் பாட்டை எடுத்துப் பாருங்கள், லூக்கா முதல் அதிகாரம். “தம் அடிமையின் தாழ்நிலையைக் கண்ணோக்கினார்” என்று மரியா பாடுகிறார். அங்கே அவர் பேசுவது தன் நிலைமையைப் பற்றி. நாசரேத்து என்ற ஊரின் பெயர் பழைய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் வரவில்லை. அங்கிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தனியேல் கேட்ட ஊர் அது. அந்த ஊரில், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள எதுவுமே இல்லாத ஒரு சின்னப் பெண். அந்த நிலைமையை நல்லது என்று மரியா கொண்டாடவில்லை. கடவுள் அதை மாற்றுகிறார் என்றுதான் கொண்டாடுகிறார். வலியோர் அரியணையிலிருந்து தூக்கி எறியப்படுகிறார்கள், தாழ்நிலையில் இருப்போர் உயர்த்தப்படுகிறார்கள், பசித்தோர் நிறைவு பெறுகிறார்கள், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு அடங்கிக் கிடக்கும் பெண் பாடுகிற பாட்டா இது?

அவருடைய தாழ்ச்சி வேறு இடத்தில் தெரிகிறது. கபிரியேல் தூதர் வந்து சொன்னதும் மரியா கேள்வி கேட்கிறார்: “இது எப்படி நிகழும்?” கேட்டு, பதிலைக் காதில் வாங்கி, அப்புறம்தான் ‘ஆகட்டும்’ என்கிறார். அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் குரு சக்கரியாவும் கேள்வி கேட்டார், அவர் வாய் கட்டப்பட்டது. இருவர் கேள்வியும் ஒன்றுபோல்தானே இருக்கிறது, ஏன் ஒருவருக்கு மட்டும் தண்டனை என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சக்கரியா தனக்கு உறுதிச்சீட்டு கேட்கிறார்: எனக்கு எப்படித் தெரியும், நான் கிழவன், என் மனைவியும் வயதானவள். நடக்காது என்ற முடிவை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. மரியா நடக்கும் என்று ஏற்றுக்கொண்டு, எந்த வழியில் என்று கேட்கிறார். தனக்குத் தெரிந்ததற்கு வெளியேயும் ஒன்று இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளும் மனசு அவருக்கு இருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தயாராவதில் வேண்டிய தாழ்ச்சி இதுதான் என்று நான் நம்புகிறேன்: வருவதை வாங்கிக்கொள்ள உள்ளே இடம் விட்டு வைப்பது. தன்னை மட்டமாக நினைப்பது அதில் இல்லை.

தன்னை மட்டமாகச் சொல்லிக்கொள்வது பல நேரம் கடவுளை உள்ளே விடாமல் இருப்பதற்கான சாக்காகவும் ஆகிவிடுகிறது. இதற்கு விவிலியத்தில் ஓர் அரசரே உதாரணம். திருவருகைக் காலத்து நான்காம் ஞாயிற்றில், மத்தேயு நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டுகளில், எசாயா ஏழாம் அதிகாரம் முதல் வாசகமாக வரும். யூதாவின் அரசர் ஆகாசு. ஏறத்தாழ கி.மு. 735. வடக்கே இஸ்ரயேலும் சிரியாவும் சேர்ந்துகொண்டு எருசலேம் மேல் படையெடுத்து வருகின்றன. பயப்படாதே, கடவுளிடம் ஓர் அடையாளம் கேள், பாதாளத்திலிருந்தோ வானத்திலிருந்தோ எதுவானாலும் கேள் என்கிறார் இறைவாக்கினர் எசாயா. ஆகாசு சொல்லும் பதிலைக் கேளுங்கள்: “நான் கேட்க மாட்டேன், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்.” எவ்வளவு பக்தியான பதில்! பூசையில் இதை வாசிக்கும்போது பலர் ஆகாசை நல்லவர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அரசர்கள் இரண்டாம் நூலில் 16-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் விளங்கும். அசீரிய மன்னன் திக்லத்-பிலேசரிடம் ஆகாசு ஆள் அனுப்பி, நான் உம் அடியான், உம் மகன், என்னைக் காப்பாற்றும் என்று கெஞ்சினார். ஆண்டவரின் இல்லத்தில் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக் காணிக்கையாகக் கொடுத்தார். கடவுளிடம் கேட்டால் கடவுள் சொல்படி நடக்க வேண்டி வரும். அதனால் அங்கே அடக்கம் காட்டிவிட்டு, வேறொருவன் காலில் விழுந்தார். எசாயாவுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த எரிச்சலோடு சொன்னதுதான், கன்னி கருவுற்று ஒரு மகனைப் பெறுவார், அவருக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவார் என்ற வாக்கு.

நம் பங்குகளிலும் ஆகாசுகள் உண்டு. ‘நமக்கெதுக்குச் சாமி அதெல்லாம், நாங்க என்ன அவ்வளவு தகுதியானவங்களா’ என்று சொல்லி, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பல வருஷம் போகாமல் இருப்பார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்துகொண்டு அடுத்தவருக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பார்கள், தனக்கு உடம்புக்கு முடியாதபோது ஒருவர் கஞ்சி கொண்டுவந்தால் கூச்சப்பட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கொடுப்பது சுலபம், கொடுக்கும்போது கை மேலே இருக்கும். வாங்குவதுதான் கஷ்டம். கடவுள் ஒரு பச்சைக் குழந்தையாக வந்தபோது முதலில் செய்ததே வாங்கிக்கொண்டதுதான்: தாயிடம் பால், யாருடைய தொழுவத்திலோ ஒரு தீவனத் தொட்டி, இடையர்களின் வருகை. உலகத்தைப் படைத்தவர் ஒருவர் தூக்கினால்தான் நகர முடியும் என்ற நிலையில் கிடந்தார். இதை நம்புகிறவர்களுக்கு அடுத்தவரிடம் ஒரு டம்ளர் கஞ்சி வாங்கிக் குடிக்க என்ன கூச்சம்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கீழவாசல் பக்கம் நெருக்கமான தெரு ஒன்றில், ஒரு கேரல் குழுவோடு துணைக்குப் போயிருந்தேன். இருபது பையன்கள் இருப்பார்கள். டிரம், கிதார், தாத்தா வேஷம், உண்டியல் எல்லாம் உண்டு. மணி பத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் நிறைய வீடு பாக்கி. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒரு பாட்டி, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் சுக்குமல்லிக் காப்பி போட்டு வைத்திருந்தார். டம்ளர் பத்தாமல் எதிர்வீட்டு முஸ்லிம் அம்மாவிடம் இரவல் வாங்கி, கழுவித் தட்டில் கவிழ்த்தும் வைத்திருந்தார். பையன்கள் வாசலில் நின்றபடியே ஒரு பாட்டை அவசரமாகப் பாடி முடித்து, ‘நேரமாச்சு பாட்டி, இன்னொரு நாள் வர்றோம்’ என்று நகர்ந்துவிட்டார்கள். டிரம் அடித்துக்கொண்டிருந்த பையன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான். ‘குடுங்க பாட்டி’ என்றான். டிரம் இல்லாமல் மற்றவர்கள் எங்கே போவது? ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அறைக்குள் ஐந்தாறு பேர், மீதிப் பேர் படிக்கட்டில். பாட்டி காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சின்ன வயசில் தன் ஊர்க் கோயிலில் பாடிய பழைய பாலன் பாட்டு ஒன்றைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே பாடினார். குரல் நடுங்கியது, ராகம் அங்கங்கே வழுக்கியது. அந்தப் பையன் டிரம்மை விரல் நுனியால் தட்டிக்கொண்டே கூடப் போனான். எதிர்வீட்டு அம்மாவும் வாசலில் வந்து நின்று கேட்டார். அன்றைக்குக் கடைசி நாலைந்து வீட்டுக்குப் போக முடியவில்லை, அதற்காக மறுநாள் குழுவில் சண்டையும் நடந்தது. நடக்கட்டும். இயேசு பிறந்த செய்தியைக் கொண்டுபோனவர்களுக்கு அன்று ராத்திரி அந்தச் செய்தியைச் சொன்னவர் அந்தப் பாட்டி.

உங்கள் வெறுமைக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் முழுக்க நீங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். பாட்டுக் கொடுக்கிறீர்கள், பலகாரம் கொடுக்கிறீர்கள், கோயிலுக்கு நேரம் கொடுக்கிறீர்கள். எந்த நேரத்தில் வாங்கிக்கொள்கிறீர்கள்?

வேலையைக் குறையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. விளக்குத்தூண், மாசி வீதிகள் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் நசுங்கித் துணி எடுப்பதை உலக ஆசை என்று திட்டுகிற பிரசங்கம் எனக்குப் பிடிக்காது. வருஷத்துக்கு ஒரு புதுத்துணி எடுக்கும் வீடுகள் இன்னும் நம் ஊரில் இருக்கின்றன. அந்தச் சந்தோஷமும் பாலனுக்கு உரியதுதான். டிசம்பர் ஒன்றாம் தேதியே நட்சத்திரம் கட்டுவதும் நல்லதே. ஆனால் திருச்சபை இந்தக் காலத்தை எப்படி அமைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஓட்டத்துக்கு நடுவே எங்கே நிற்பது என்று பிடிபடும்.

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதனால் அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். திருவழிபாட்டு ஆண்டும் அன்றுதான் பிறக்கிறது. பூசையில் குருவின் உடுப்பு ஊதா. ஞாயிறு பூசைகளில் வானவர் கீதம் பாடுவதில்லை. வானவர்கள் பாடியது பாலன் பிறந்த இரவில், ஆகையால் அதுவரை நாமும் அதை எடுத்து வைக்கிறோம். பாடகர் குழுவில் இருக்கும் உங்களுக்கு இது நன்றாகவே தெரியும், ஆனால் ஏன் பாடுவதில்லை என்று குழுவில் உள்ள சின்னப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் ஞாயிறு ரோஜா நிறம், மகிழ்ச்சி ஞாயிறு.

பலர் கவனிக்காத ஒன்று: டிசம்பர் 16 வரை வாசகங்கள் பெரும்பாலும் குடிலைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆண்டவர் மறுபடி வருவார், விழித்திருங்கள் என்ற பேச்சும், எசாயாவின் வாக்குகளும், திருமுழுக்கு யோவானும்தான். 17-லிருந்து 24 வரைதான் பிறப்பின் கதை நெருங்கி வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித பெர்னார்து மூன்று வருகை என்று பிரித்துச் சொன்னார். பெத்லகேமில் வந்தது ஒன்று, உலக முடிவில் வரப்போவது ஒன்று, இரண்டுக்கும் நடுவே மனிதர் உள்ளத்தில் மறைவாக வருவது ஒன்று. நடுவில் உள்ள வருகைக்குத்தான் நாள் குறிப்பிடவில்லை. கேரல் ரவுண்ட்ஸில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் வரலாம், பாகு பதம் தப்பிப்போய் மாமியார் குறை சொல்லும்போதும் வரலாம்.

மார்கழியும் இதே நாட்களில் பிறக்கிறது. விடியற்காலையில் மீனாட்சி கோயில் பக்கம் திருவெம்பாவை கேட்கும். ஒருத்தி இன்னொருத்தியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும் பாட்டு அது. அந்நேரம் கோலம் போட எழுந்து வரும் அக்கம்பக்கத்துப் பெண்களைப் பார்த்துத்தான், ‘விழித்திருங்கள்’ என்ற நற்செய்தி வாசகம் எனக்கு உடம்பில் உறைத்தது. அந்த ஒரு கால் மணி நேரம் உங்களுக்கும் கிடைக்கும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். ஜெபப் புத்தகம் வேண்டாம், 53 மணி ஜெபமாலையை அந்த நேரத்தில் முடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்கும் நேரம் நாளில் அது ஒன்றாவது இருக்கட்டும். முதல் வாரம் தூக்கம்தான் வரும். பரவாயில்லை.

திருமுழுக்கு யோவானை நாம் சீக்கிரம் தாண்டிவிடுகிறோம், குடிலில் அவருக்கு இடமில்லை என்பதாலோ என்னவோ. தயாராவது என்றால் என்ன என்று நேரடியாகக் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவர் அவர்தான். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் மக்கள் கூட்டம் கேட்கிறது: “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடு, சாப்பாட்டையும் அப்படியே பகிர் என்கிறார். வரி தண்டுபவர்களிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரர்களிடம், மிரட்டிப் பணம் பிடுங்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்றிரு. ஒருவரையும் வேலையை விட்டுவிட்டு என்னோடு பாலைவனத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. நோன்பு இரு என்றுகூட அங்கே சொல்லவில்லை. அவரவர் இருக்கும் இடத்திலேயே, அவரவர் கையில் எந்த அதிகாரம் இருக்கிறதோ அதில் கை வைத்தார். நம் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தால், பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்கு டிசம்பர் சம்பளத்தை 24-ம் தேதிக்கு முன்னால் கொடுப்பது திருவருகைக் காலத் தயாரிப்பு. 23-ம் தேதி ராத்திரி தையல்காரரை நிற்க வைத்து விரட்டாமல் இருப்பது தயாரிப்பு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட என் மனசு ஒப்பவில்லை. “விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை” என்ற வரியை நாம் கண்கலங்க வாசிக்கிறோம். தமிழ்நாட்டில் ஒரே திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிவாரியாகச் சுவர் நின்றிருக்கிறது. நம் மதுரை மிஷனின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி, இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. இங்கே தமிழும் வடமொழியும் மாணவனாக உட்கார்ந்து படித்தார், காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், தத்துவ போதகர் ஆனார். தான் கொண்டுவந்ததைத் தவிர வேறொன்றும் உண்டு என்று ஒத்துக்கொண்ட மனசு அது, அதை நான் மதிக்கிறேன். அதே நொபிலி, ஏற்கெனவே இங்கே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் அவர்களுடைய குருவிடமிருந்தும் தன்னைப் பிரித்துத் தனியே வைத்துக்கொண்டார். உயர்ந்த சாதியினரை அணுக வேறு வழியில்லை என்பது அவர் எண்ணம். அந்தப் பிரிவினையின் பாரம் இன்றைக்கும் நம் தோளில் இருக்கிறது. தாழ்ச்சியைப் பற்றி மதுரையில் பேசுகிறவர் இதைத் தாண்டிப் போகக்கூடாது. உங்கள் கேரல் குழு எந்தத் தெருவுக்குக் கடைசியாகப் போகிறது, எந்தத் தெருவை வருஷா வருஷம் ‘நேரமில்லை’ என்று விட்டுவிடுகிறது என்று அன்பியக் கூட்டத்தில் ஒருமுறை கேளுங்கள். பொறுப்பில் இருப்பவர் நீங்கள், நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாவசங்கீர்த்தனம் பற்றி இரண்டே வார்த்தை. கடைசி இரண்டு நாள் வரிசையில் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வர வேண்டாம். இரண்டாம் வாரத்திலேயே, கூட்டமில்லாத வார நாளில் போய்விடுங்கள். அங்கேயும் கொடுக்கப் போகவில்லை, வாங்கப் போகிறீர்கள்.

இப்போது பெத்லகேம் வாசலுக்கு வருவோம். சாமி சொன்னது நிஜம்தான். பிறப்புக் கோயிலின் வாசல் ஏறத்தாழ நாலடி உயரம்தான் இருக்கும், பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் அதன் சுவரை உற்றுப் பார்த்தால் பழைய பெரிய வாசலின் தடமும், அதற்குள் இன்னொரு வளைவின் தடமும் தெரியும். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுந்து, ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் மறுபடி கட்டப்பட்ட கோயில் அது. குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்துவிடாமல் தடுக்கத்தான் பிற்காலத்தில் வாசலைக் கல் வைத்து அடைத்துச் சின்னதாக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. தாழ்ச்சி என்ற விளக்கம் அப்புறம் வந்தது. எனக்கு உங்கள் கதையைப் படித்தபோது அந்த அடைத்த கல்தான் நினைவுக்கு வந்தது. ஓரகத்தி பேசியது வலித்தது. மறுபடி யாரும் அப்படி உள்ளே புகுந்து மிதித்துவிடக் கூடாது என்று நீங்களும் வாசலைக் குறுக்கினீர்கள். தப்பு சொல்ல மாட்டேன், அந்த நேரத்துக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் அடைத்த வாசல் ஆள் பார்த்து அடைக்காது. பூசையில் பாலன் வந்தாலும் அதே நாலடி வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

தப்பு அவர்கள் மேல் என்கிறீர்கள். நம்புகிறேன். யோசேப்பும் அதே இடத்தில்தான் நின்றார். மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறது. அவருக்குத் தெரிந்த அளவில் நியாயம் முழுக்க அவர் பக்கம். தனக்கு மண ஒப்பந்தமான மரியா கருவுற்றிருப்பது தெரிந்ததும், அவரை மறைவாக விலக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார். கேவலப்படுத்தாமல், சத்தம் போடாமல், ஒதுங்கிக்கொள்வது என்ற முடிவு. நீங்கள் ஓரகத்தியிடம் எடுத்த முடிவும் ஏறக்குறைய அதுதானே? அப்புறம் கனவில் தூதர் வருகிறார். யோசேப்பு விசாரணை நடத்தவில்லை, தூக்கத்திலிருந்து எழுந்ததும் சொன்னபடி செய்தார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கூட இல்லை. அந்தப் பேசாத மனிதரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். யோசேப்புக்குத் தெரியாத ஒன்று மரியாவிடம் இருந்தது. கனவில் தூதர் அதைச் சொன்னபோது, தனக்குத் தெரியாததும் இருக்கலாம் என்று அவர் இடம் கொடுத்தார். உங்கள் ஓரகத்தி அன்று அப்படிப் பேசினதற்குப் பின்னால் உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இருக்கலாம் என்ற அளவுக்கு மட்டும் இடம் விடுங்கள், இப்போதைக்கு அவ்வளவு போதும்.

நன்மை வாங்கலாமா என்ற கேள்விக்கு: மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள். யார் மேல் தப்பு என்று அந்த இடத்தில் அவர் பிரித்துப் பேசவில்லை. அதே நேரம், உறவு திரும்ப வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் மனசு வைக்க வேண்டும், அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது வெறுப்பை விடுவதும் ஓர் அடி எடுத்து வைப்பதும். அவர்கள் கெட்டுப்போக வேண்டும் என்ற எண்ணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நன்மை வாங்கப் போகாதீர்கள். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் வைத்துவிட்டு, சமாதானத்துக்கு நான் தயார் என்ற மனசோடு வருகிறீர்கள் என்றால், அவர்கள் இன்னும் முகம் கொடுக்காவிட்டாலும் தாராளமாக வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமே இதைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் போய் நிற்பது அடிமைத்தனமா? நீங்கள் செய்யாததைச் செய்தேன் என்று ஒத்துக்கொண்டால் அது அடிமைத்தனம். பொய்யும்கூட. அப்படி ஒரு மன்னிப்பை யாரும் உங்களிடம் கேட்க முடியாது, கடவுளும் கேட்கவில்லை. சொத்து விஷயத்தில் உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது இருந்தால் அதைப் பெரியவர்களை வைத்துக் கேட்பதிலும் தாழ்ச்சிக்கு ஒரு குறையும் வராது. அங்கே போனால் அடியோ அவமானமோதான் கிடைக்கும் என்றால் போகவே வேண்டாம், தூரத்தில் இருந்தபடியே மன்னிக்கலாம். வெறும் பேச்சு நின்றுபோன பகை மட்டும்தான் என்றால், போங்கள்.

போகும்போது பழைய கணக்கை எடுக்காதீர்கள். 25-ம் தேதிவரை தள்ளவும் வேண்டாம். அன்று வீடு நிறைய ஆள் இருக்கும், அடுப்பில் வேலை இருக்கும், எல்லோர் முன்னாலும் அவர்களுக்கும் முகம் கொடுக்கக் கஷ்டமாக இருக்கும். அதற்கு முந்தின வாரத்தில் ஒரு சாயங்காலம் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முறுக்கு டப்பாவோடு போவதைவிட, அவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ‘அக்கா, குடிலுக்கு வைக்கோல் பத்தலை, உங்க வீட்டுல கொஞ்சம் இருக்குமா?’ என்று கேளுங்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டுப் பயிற்சிக்கு வந்துவிடுங்கள், அடுத்த வருஷமும் டிசம்பர் வரும்.